நூலகத்தில்தான் வேலை, ஆனால் சிலப்பதிகாரம் முழுசாகப் படித்ததில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி கேட்டவர்: தண்டையார்பேட்டைக்காரி

வணக்கம். வடசென்னையில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். எந்தக் கிளை என்று கேட்காதீர்கள், வாசகர் வட்டத்துக்காரர்கள் இந்தப் பக்கமும் வருகிறார்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்து, நூலக அறிவியலைத் தபாலில் படித்து இந்த வேலைக்கு வந்தவள். எந்தப் புத்தகம் எந்தத் தாங்கியில், எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் சங்கடம்.

நவீன இலக்கியம் ஓரளவு படித்திருக்கிறேன். பிரச்சினை பழையதில். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் குரூப் 4, குரூப் 2 எழுதுகிற பிள்ளைகள். வராந்தாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வார்கள். அதைக் காதில் வாங்கி வாங்கியே எனக்கும் எல்லாம் மனப்பாடம். நற்றிணை 9 அடி முதல் 12 அடி, தொகுப்பித்தவர் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. குறுந்தொகை 4 முதல் 8, தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூறு 13 முதல் 31. புறநானூற்றில் கிடைக்காத பாட்டு 267, 268. நெய்தலுக்குத் தெய்வம் வருணன், உரிப்பொருள் இரங்கல். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நற்றிணையில் ஒரு பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை படித்திருக்கிறேனா என்றால் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தே ஒரு புத்தகத்தை எவ்வளவு தூரம் படித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம், தெரியுமா? புத்தகத்தை மூடி, முதுகைக் கீழே வைத்து, எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். விரல் பட்ட இடமெல்லாம் கறுத்திருக்கும். எங்கள் சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்தின் முதல் பாதி நல்ல கறுப்பு. பிறகு வெளுத்து, வழக்குரை காதை வருகிற இடத்தில் மறுபடி ஒரு பட்டையான கறுப்பு. அது பாடத்தில் வருகிற பகுதி. வஞ்சிக் காண்டம் அச்சகத்திலிருந்து வந்தபடியே வெள்ளையாக இருக்கிறது. கம்பராமாயணத்தில் பால காண்டத்தைத் தாண்டிக் கறை இல்லை. திருக்குறளில் அறத்துப்பால் கறுப்பு, பொருட்பால் வெளுப்பு, காமத்துப்பால் மறுபடி கறுப்பு. கடைசிக் கறுப்புக்குக் காரணம் பாடத்திட்டம் இல்லை. மணிமேகலையில் கறையே கிடையாது, தூசிதான்.

என் படிப்பும் கிட்டத்தட்ட இந்த விளிம்பு மாதிரிதான். சிலம்பு பள்ளிக்கூடத்தோடு சரி. கம்பன் பட்டிமன்றத்தில் கேட்டது. பெரிய புராணம் ஆயா சொன்ன கதை. சீவக சிந்தாமணி என்றால் எட்டுக் கல்யாணம், மணநூல் என்கிற பெயர், அவ்வளவுதான். தொல்காப்பியத்தின் பக்கமே போனதில்லை.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், காலையில் தினத்தந்தி படிக்க வருகிற காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடலுக்குப் போவதை நிறுத்தி நாளாகிறது. போன மாதம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏம்மா, இத்தினி புக்கு வச்சிக்கிறியே, கடலுக்குப் போறவனப் பத்திப் பழைய ஆளுங்க எதுனா எழுதிக்கிறாங்களா?" என்றார். நெய்தல் என்று ஒரு திணையே இருக்கிறது என்றேன். "அதுல இன்னா சொல்லிக்கிறான்?" என்றார். எனக்கு வருணனும் இரங்கலும்தான் வாயில் வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மதியம் கூட்டம் குறைவு. ஒரு அரை மணி நேரம் தினமும் கிடைக்கும். எதை முதலில் எடுப்பது, எந்த உரையோடு, முழுசாகப் படித்தே தீர வேண்டுமா, பொழிப்புரையை வைத்துப் படித்தால் அது படித்ததாகுமா, இவைதான் என் கேள்விகள். யூடியூபில் சொற்பொழிவு கேளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டுத்தான் இப்படி இருக்கிறேன்.

---

பதில்: பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, முதலில் ஒன்று. இதற்காகக் கூச வேண்டியதில்லை. எல்லாரும் சொல்கிற கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போன உ.வே.சாமிநாதையர், தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த ஐயருக்கே அந்த நிலை. அதற்கு அப்புறம்தான் 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலம்பு எல்லாம்.

வழிக்கு வருகிறேன். குறுந்தொகையில் தொடங்குங்கள். சின்னப் பாட்டு. அரை மணியில் ஒன்று தாராளமாக ஆகும். உ.வே.சா. 1937இல் கொண்டுவந்த பதிப்பில் பதவுரை, கருத்து, விசேடவுரை எல்லாம் உண்டு. முதலில் மூலத்தை வாய்விட்டு இரண்டு தரம் படியுங்கள், புரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் உரை. உரையை முதலில் படித்துவிட்டால் மூலம் அதற்கு அடிமையாகிவிடும். சீர் பிரிக்கத் திணறினால் மர்ரே ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்பு பழைய நூலகங்களில் கிடைக்கும். மலிவுப் பதிப்பு என்று அட்டையைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், அதைத் தயாரித்த குழுவில் பெரிய அறிஞர்கள் இருந்தார்கள்.

நான் மாணவனாக இருந்தபோது மறைமலையடிகள் நூலகம் லிங்கிச் செட்டித் தெருவில் இருந்தது. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய் அங்கே படித்ததுதான் என் படிப்பு. இப்போது அது கன்னிமாரா வளாகத்தில் இருக்கிறது. உங்கள் கிளையில் இல்லாதது அங்கே இருக்கும்.

பெரியவருக்கு நெய்தல் வேண்டுமென்றால் ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நூறு இருக்கிறது. அது பிறகு. முதலில் நீங்கள் படியுங்கள்.

---

பதில்: வியாசர்பாடிக்காரன்

ஆசிரியர் ஐயா மன்னிக்கணும், நான் வேறு பக்கம். அக்கா, இதைக் குறை என்று உங்களுக்குச் சொன்னது யார்? பல் டாக்டர் எல்லாப் பல்லையும் கடித்துப் பார்க்கணுமா? நூலகத்துறை மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதி எழுதினார். அதில் ஒன்றிலாவது நூலகர் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும் என்று இருக்கிறதா? வாசகர் நேரத்தை மிச்சப்படுத்து என்றுதான் இருக்கிறது. பெரியவருக்கு எந்தப் பக்கம் என்று காட்டத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று. முழுசாகப் படி, வரிசையாகப் படி, மூலத்தோடு படி என்று ஆரம்பித்துத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை இந்தப் புத்தகங்கள் பக்கமே வரவிடாமல் செய்தார்கள். எனக்குச் சங்கப் பாட்டு அறிமுகமானது ஒற்றைப் பாட்டாகத்தான், புறநானூறு 194. பக்குடுக்கை நன்கணியார். "ஓரில் நெய்தல் கறங்க, ஓர்இல் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப" என்று தொடங்கும். ஒரு வீட்டில் சாவு மேளம், இன்னொரு வீட்டில் கல்யாண மேளம். ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி அழுகிறாள்.

இதற்கு எனக்கு உரை தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் அந்த முனையில் சாவு, ராத்திரி முழுக்கக் கானா. இந்த முனையில் கல்யாணம், பேண்டு செட்டு. இரண்டு வீட்டுக்கும் ஷாமியானாவும் பிளாஸ்டிக் சேரும் ஒரே கடையிலிருந்துதான் வரும். கல்யாண வீட்டில் சேர் குறைந்தால் கடைப்பையன் சாவு வீட்டிலிருந்து பத்து சேரை எடுத்துக்கொண்டு ஓடுவான். கேட்க ஆள் கிடையாது, இரண்டு வீட்டுக்காரரும் தெரிந்தவர்கள். இந்த உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று அந்தப் பாட்டில் நேராகவே திட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் பின்பெஞ்சிலிருந்து முன்னால் வந்திருப்பேன்.

அதனால் வரிசை வேண்டாம். எங்கேயாவது திறங்கள். பிடித்தால் இருங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த பக்கம்.

---

பதில்: தண்டையார்பேட்டைக்காரி

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. உ.வே.சா. கதை எனக்கும் தெரியும், ஆனால் ஆறுதலாக இல்லை. அவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பதிப்பித்தார். நான் வரவுப் பதிவேட்டில் எண் போட்டு உள்ளே வைக்கிறவள்.

வியாசர்பாடித் தம்பி, பாட்டு பிரமாதம். ஷாமியானா விஷயம் எங்கள் பக்கமும் அப்படியே. ரங்கநாதன் விதியை வைத்து என்னை மடக்கப் பார்க்கிறீர்கள். அவரும் கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் நூலகத்துக்கு வந்தவர்தான், அந்த வகையில் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். நீங்கள் சொன்னது நாலாவது விதி. மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். எங்கள் வஞ்சிக் காண்டத்துக்கு அந்த ஒரு வாசகர் இன்னும் வரவில்லை. வேறு யாரும் வரப்போவதாகவும் தெரியவில்லை. அதனால் நானே போகலாம் என்று இருக்கிறேன்.

எங்கேயாவது திற என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. இத்தனை நாள் அப்படித்தான் திறந்தேன். ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே கறுத்த பக்கத்தில்தான் திறக்கிறது. புத்தகத்துக்கு அது பழகிவிட்டது.

---

பதில்: கிளியரிங் ஏஜென்ட், ராஜாஜி சாலை

நான் இலக்கியம் படித்தவன் இல்லை. ஹார்பரில் கன்டெய்னர் கிளியரன்ஸ் வேலை. என் பையன் பாடத்துக்காகப் பட்டினப்பாலையைத் திறந்து நான் மாட்டிக்கொண்டேன். மேடம், கடல் வேண்டுமென்றால் இதை எடுங்கள். 301 அடிதான். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைச் சொல்கிறார். தண்ணீரிலிருந்து கரைக்கு ஏற்றுவதும் கரையிலிருந்து தண்ணீருக்கு இறக்குவதுமாகச் சரக்கு குவிகிறது, மேகம் கடலில் நீரை மொண்டு மலையில் பெய்து, அது மறுபடி கடலுக்கு வருகிற மாதிரி. இம்போர்ட் எக்ஸ்போர்ட்டை இதற்கு மேல் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வந்த சரக்கு மேல் புலி முத்திரை குத்தி வெளியே அடுக்குகிறார்கள், பக்கத்தில் பலத்த காவல். சீல் இல்லாமல் வெளியே போகாது என்பது அன்றைக்கும் அப்படித்தான். சுங்கம் வசூலிக்கிற ஆட்கள் சூரியன் தேரில் பூட்டிய குதிரை மாதிரி நாள் தவறாமல், ஓய்வில்லாமல் வேலை பார்க்கிறார்களாம். இந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தேன். காரணம் சொல்ல மாட்டேன், தொழில் நடக்கணும்.

அப்புறம் பட்டியல். கப்பலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, மேற்கு மலைச் சந்தனம், தென்கடல் முத்து, கிழக்குக் கடல் பவளம், கங்கைச் சரக்கு, ஈழத்து உணவு. மேனிஃபெஸ்ட் படிக்கிற சுகம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்தப் பட்டினத்தையே கொடுத்தாலும் பெண்டாட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் போ என்று பாட்டின் தலைவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான். 218 அடிக்கு ஊரைச் சுற்றிக்காட்டிவிட்டு இப்படி!

பெரியவருக்கான இடமும் இருக்கிறது. மீனவர் தெரு வருகிறது. பௌர்ணமி அன்றைக்குக் கடலுக்குப் போகாமல், சினைச் சுறாவின் கொம்பை நட்டு வைத்துச் சாமி கும்பிட்டு, தாழம்பூ சூடி, பனங்கள் குடித்து ஆடுகிறார்கள். அவரிடம் படித்துக் காட்டிவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

---

பதில்: பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு)

ஏஜென்ட் சொல்வது நல்ல யோசனைதான், குறுந்தொகையை விட்டுக்கொடுக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். பட்டினப்பாலைக்கு நச்சினார்க்கினியர் உரையை இப்போது தொடாதீர்கள். மகா மேதை. ஆனால் இந்த அடியை எடுத்து அங்கே கூட்டுவார், அங்கே இருப்பதை எடுத்து முப்பது அடி தள்ளிப் பொருத்துவார். பழக்கமில்லாதவர்களுக்குத் தலை சுற்றும். வரிசைப்படி உரை சொல்கிற பிற்காலப் பதிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புலியூர்க் கேசிகனின் தெளிவுரையே போதும்.

---

பதில்: ஒற்றியூர் மகிழமரம்

எங்கள் ஊரை விட்டுவிட்டுப் பழைய இலக்கியம் பேசினால் எப்படி? பெரிய புராணம் ஆயா சொன்ன கதை என்று தள்ளிவிட்டீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். உங்களுக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் நடக்கிறது கதை.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்யணும். சந்நிதியில் சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று, நான் சத்தியம் செய்கிற நேரத்தில் நீங்கள் மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சாமியிடமே முன்கூட்டிப் பேசி வைக்கிறார். சாமி சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியின் கனவில் போய், மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்று போட்டுக்கொடுத்துவிடுகிறார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினதும் சுந்தரருக்குக் கண் போகிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றைக்கும் நடக்கிறது. நீங்களும் வந்திருப்பீர்கள்.

இதைச் சுந்தரர் பெயரில் தேடினால் கிடைக்காது. தடுத்தாட்கொண்ட புராணத்தில் இல்லை, ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் சேக்கிழார் வைத்திருக்கிறார். நான் முதல் தடவை தேடி அலுத்துப்போனேன். அதே ஊரில் கலிய நாயனார், எண்ணெய்ச் செக்குக்காரர். வசதி போன பிறகு கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் தன் ரத்தத்தையே ஊற்றப் போகிறார். அந்தப் புராணம் சின்னது, ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

உங்கள் கண்ணகிகூட எங்கள் ஊருக்கு வந்ததாகத்தான் சொல்வார்கள், கோயிலுக்குள் வட்டப்பாறை அம்மன் சந்நிதியைப் பற்றி. சிலப்பதிகாரத்தில் அது கிடையாது. ஆனால் எங்கள் அம்மா இளங்கோவை நம்ப மாட்டார், வட்டப்பாறையைத்தான் நம்புவார்.

---

பதில்: தண்டையார்பேட்டைக்காரி

ரொம்ப நாளாகப் பதில் எழுதவில்லை. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று அடுக்கு சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டேன். நடுவில் இரண்டு காரியம் நடந்தது.

ஒன்று வஞ்சிக் காண்டம். ஏழு காதைதான் என்று (மறுபடி தேர்வுத் தகவல்) தைரியமாக எடுத்தேன். முதல் இரண்டு நாள் ஓடவில்லை. சேரன் படை, யானை, கண்ணகி சிலைக்குக் கல் எடுக்க வடக்கே போகிறான், பாராட்டுமேல் பாராட்டு. உண்மையைச் சொன்னால் கொட்டாவிதான். இந்தப் பக்கங்கள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் உண்டு என்றுகூட நினைத்தேன். நீர்ப்படைக் காதையில் மாடலன் வருகிற வரைக்கும்.

கங்கைக் கரையில் சேரன் பாசறை போட்டு உட்கார்ந்திருக்கிறான். மாடலன் என்கிற அந்தணர் வந்து, மதுரை எரிந்த பிறகு யார் யாருக்கு என்ன ஆனது என்று சொல்கிறார். கண்ணகியையும் கோவலனையும் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று ஏற்றுக்கொண்ட இடைச்சி மாதரி, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து செத்துவிடுகிறாள். கூட நடந்து வந்த கவுந்தியடிகள் சாப்பாட்டை நிறுத்தி உயிரை விடுகிறார். இந்தச் சேதியை மாடலன் புகாருக்கு எடுத்துப் போகிறார். கேட்டதும் கோவலனின் அப்பா சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுத் துறவியாகிறார், அம்மா செத்துப்போகிறாள். கண்ணகியின் அப்பா ஆசீவகம் என்கிற சமயத்துத் துறவிகளிடம் போகிறார், அவள் அம்மாவும் செத்துப்போகிறாள். என் வாயால் கேட்டு இத்தனை பேர் இறந்தார்களே என்று அந்தப் பாவத்தைக் கழுவத்தான் மாடலன் கங்கைக்கே வந்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் மதுரை எரிந்ததும் மணி அடித்துவிட்டார்கள். மாதரியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்களா? மோர் கொடுத்த இடைச்சி, ஆய்ச்சியர் குரவை, அத்தோடு சரி. கண்ணகி எரித்தாள், நியாயம் கிடைத்தது என்று முடிக்கிற கதைக்கு இது தோதுப்படவில்லை போல. வியாசர்பாடித் தம்பி, எங்கேயாவது திற என்றால் இந்தப் பக்கத்துக்கு நான் வந்திருக்கவே மாட்டேன். படை புறப்பட்டது, பாராட்டினது எல்லாவற்றையும் தாண்டித்தான் இங்கே வர வேண்டியிருக்கிறது. அந்தக் கொட்டாவிப் பக்கங்களைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை, அது வேறு விஷயம்.

இரண்டாவது பெரியவர். பட்டினப்பாலையில் மீனவர் பகுதியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பேப்பர் படித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தெளிவுரையையும் சொன்னேன். பௌர்ணமிக்குக் கடலுக்குப் போகாததைக் கேட்டதும், "அது செரி" என்றார். கள் குடிக்கிற இடத்தில் சிரித்தார். கொம்பு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"சுறாவுக்கு ஏதும்மா கொம்பு? எழுதுனவன் கரெக்டாத்தான் எழுதிக்கிறான், நீதான் தப்பா சொல்ற. அது வேளா. மூஞ்சில ரம்பம் மாரி நீட்டா இருக்கும், ரெண்டு பக்கமும் பல்லு. அதத்தான் நட்டுக்கிறான்."

கையை முழுசாக நீட்டி நீளம் காட்டினார். சின்ன வயதில் வலையில் வரும், வலையை நார் நாராகக் கிழித்துவிடும், அதன் ரம்பத்தைப் பெரியவர்கள் வீட்டில் சாமி மாடத்துப் பக்கம் வைத்திருப்பார்கள் என்றார். இப்போது வேளாவைக் கண்ணால் பார்த்தே நாளாகிவிட்டதாம். பிடிக்கவும் கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட மீன் அது. நான் வைத்திருந்த உரையில் கொம்பு என்று மட்டும்தான் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பேப்பருக்கு முன்னால் நேராக என் மேசைக்கு வந்து, "வேற இன்னா இருக்கு?" என்றார்.

இங்கேதான் என் தேர்வு அறிவு முதல் தடவையாக உருப்படியாக உதவியது. அகநானூற்றில் பாட்டுகளை அடுக்கியதில் ஒரு கணக்கு உண்டு. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என்று முடிவது குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்கு எல்லாம் நெய்தல். பிள்ளைகள் வராந்தாவில் உருப்போடுவதைக் கேட்டு, இதையெல்லாம் எதற்குப் படிக்க வைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். தாங்கி எண் மாதிரிதானே இது? 10, 20, 30 என்று 400 வரை போனால் நாற்பது பாட்டு, நாற்பதும் கடல். எதையும் படிக்காமலே எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் ஐயா திட்ட வேண்டாம், அதற்கப்புறம் படிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். தினம் ஒன்று, மூலம் இரண்டு தரம் வாய்விட்டு. பெரியவர் எதிரில் உட்கார்ந்து மீன், வலை, படகு வருகிற இடத்தில் மட்டும் குறுக்கே பேசுவார். காதலி அழுகிற இடத்தில் பேப்பரைப் பார்ப்பார்.

ஆக, ஒரு சின்னப் பிரச்சினை. அகநானூறு மூன்று பகுதி. எங்கள் அடுக்கில் களிற்றியானை நிரை இருக்கிறது, நித்திலக் கோவை இருக்கிறது. 121 முதல் 300 வரை உள்ள மணிமிடை பவளத்தை யாரோ எடுத்துப்போய்த் திருப்பவே இல்லை, நான் சேர்வதற்கு முன்பே. பதினெட்டு நெய்தல் பாட்டு அதில்தான் இருக்கிறது. போனில் படித்துக் காட்டினால் பெரியவருக்குப் பிடிக்கவில்லை, புத்தகம் எங்கே என்கிறார். கூடுதல் பிரதி வைத்திருக்கிறவர்கள் யாராவது தர முடியுமா?

---

பதில்: பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு)

என்னிடம் இருக்கிறது. அட்டை பிரிந்து நூலால் கட்டி வைத்திருக்கிறேன், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. பரவாயில்லையா? அடுத்த வாரம் அந்தப் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன். வேளா பற்றி அந்தப் பெரியவரிடம் எனக்கும் கொஞ்சம் கேட்க வேண்டும். காலையில் எத்தனை மணிக்கு வருவார்?

---

பதில்: தண்டையார்பேட்டைக்காரி

பென்சில்தானே ஐயா, தாராளமாக. நன்கொடை என்று பதிவேட்டில் ஏற்றி, பைண்டிங்குக்கு அனுப்பிவிடுகிறேன். பெரியவர் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பார். வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள், அன்றைக்கு எங்களுக்கு விடுமுறை.